மலைப் பாசியோடு வந்த தேரை

அர்த்தநாரியின் இடது காது கேட்காது. இருபத்தெட்டு வருடமாக அவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை. பாறைக்குள் குழாயை இறக்கும் லிவரைப் பிடித்துக்கொண்டு ட்ரில்லர் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் முதலில் தூக்கத்திலும் கேட்டது. பிறகு விழித்திருக்கையிலும் விடாமல் கேட்டது. பிறகு அந்தக் காதில் எதுவுமே கேட்கவில்லை. அவர் அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டதில்லை. திருச்செங்கோட்டைச் சுற்றி அவர் வயதில் ட்ரில்லராக இருந்த யாருக்கும் இரண்டு காதும் முழுதாக இல்லை. அவர்களில் நாலு பேர் டீக்கடையில் நலம் விசாரித்துக்கொண்டால் தெருவே வெட்டுக்குத்து என்று எட்டிப் பார்க்கும்.

ஒடிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அவர் துளை போடாத மாநிலம் குறைவு. எங்கே போனாலும் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து நின்று, குழாய் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்பார். "கல்லுக்குள்ள தேரை இருக்கும்கறாங்களே, நீங்க பாத்திருக்கீங்களா?" கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று கேட்டே வளர்ந்தவருக்கு, அதை நேரில் பார்த்த சாட்சி கிடைத்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! அர்த்தநாரி அந்த நிம்மதியை யாருக்கும் கொடுத்ததில்லை. "கல்லுக்குள்ள கல்லுதானுங்க இருக்கு," என்பார். "ராசி இருந்தாத் தண்ணி இருக்கும்."

அவர் சாமி கும்பிடாதவர் அல்ல. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு வராது. அவரிடம் இருந்த நல்ல குணங்களில் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மற்றபடி கோபக்காரர். வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களை அவர் திட்டும் திட்டு அவர்களுக்குப் புரியாமல் போனது அவருடைய பாக்கியம்.

ஒரே மகள் யுவஸ்ரீ. எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்து ஐந்து வருடம் ஆயிற்று. மாப்பிள்ளை தர்ஷன் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது முறை கலைந்தபோது யுவஸ்ரீ ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அர்த்தநாரி அப்போது ராய்ப்பூர் பக்கம் இருந்தார். போனில், "சாப்பிட்டயா சாமி?" என்று கேட்டார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது தங்கியது. நான்கு, ஐந்து, ஏழு என்று மாதங்கள் போகப் போக இரண்டு வீட்டிலும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் குறித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வாரத்தில்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த ஸ்கேன் நாளும் வந்தது. அன்று தேய்பிறை அஷ்டமி. நாலு நாள் போகட்டும் என்று தள்ளி வைத்தார்கள். அம்மா வீட்டுக்குப் போனதும் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் இருந்துவிட்டார்கள். எடுத்து முடித்துத்தான் அனுப்புவார்கள் என்று பெண் வீட்டில் இருந்துவிட்டார்கள். இப்படி ஒரு ஸ்கேன் இரண்டு வீட்டுக்கும் நடுவே விழுந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் முன்புதான் அர்த்தநாரி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் வேலை முடித்து ரிக்கோடு இறங்கினார். மலைக்குப் போனால் அவர் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஓடைக்கரை மரங்களில் தலையணை கனத்துக்கு வளர்ந்திருக்கும் பாசியைப் பெயர்த்து, ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். வரும் வழியில் பரமத்தி வேலூரில் வெற்றிலை வாங்கி அந்தப் பாசிக்கு நடுவே வைத்துவிட்டால் எட்டு நாளானாலும் இலை வாடாது. சமதரையில் வாழைமட்டைக்குள் வைத்த வெற்றிலை நாலாம் நாளே பழுத்துவிடும். இந்த உபாயத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவராகக் கண்டுபிடித்தது, அதனால் சற்றுப் பெருமையும் உண்டு. மகளின் விருந்துக்கு என்பதால் இந்த முறை நல்ல கொழுந்தாகப் பத்துக் கவுளி, ஆயிரம் இலை, வாங்கிச் சாக்குக்குள் அடுக்கினார்.

விருந்தன்று காலை பத்து மணிக்கு அர்த்தநாரியும் அவர் மனைவி ராசாத்தியும் தங்கள் பழைய ஆம்னி வேனில் எருமப்பட்டி போய்ச் சேர்ந்தார்கள். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள்; தர்ஷன் மட்டும் டேங்கரோடு ஒடிசாவில் இருந்தார். யுவஸ்ரீ பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாத்தாள் சாக்கைக் கண்டதும் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, வெத்தலைக்கு மெத்தை போட்டுக் கூட்டியாந்திருக்கீங்க? எங்க ஊட்டு மருமகளுக்குக்கூட நாங்க இம்புட்டு மெத்தை போடலீங்களே!"

"இலை வாடாதுங்க சம்பந்தி. எடுத்துப் பாருங்க."

"மொதல் இலை அம்மிணியே எடுக்கட்டும்," என்றார் கண்ணாத்தாள்.

அர்த்தநாரி சாக்கைப் பிரித்து மகளின் முன்னால் வைத்தார். யுவஸ்ரீ குனிய முடியாமல் குனிந்து பாசியை விலக்கினாள். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று எம்பி அவள் வயிற்றின்மேல் ஒட்டிக்கொண்டது.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மரப்பட்டை நிறம். உடம்பெல்லாம் சொரசொரப்பு. வாய் ஓரத்திலிருந்து இடுப்புவரை வெள்ளைக் கோடு ஒன்று. விரல் நுனிகள் தட்டையாக விரிந்திருந்தன. அவள் அலறியதும் அது சுவருக்குத் தாவியது. தாவி, சுவரில் ஏறியது. தேரை அங்கே யாருக்கும் புதிதல்ல. மழை பெய்தால் வாசலில் பத்து உட்கார்ந்திருக்கும். ஆனால் சுவரேறும் தேரையை யாரும் பார்த்ததில்லை. அது மலைக்காட்டு மரங்களில் வாழும் சாதி. மரம் ஏறுவதே அதற்குப் பிழைப்பு. நிலைப்படிக்கு மேலே போய் நின்று, தொண்டை துடிக்க, நாற்பது பேரையும் பார்த்தது.

யாரோ விளக்கமாற்றை எடுத்தார்கள். "அடிக்காதீங்க!" என்றார் கண்ணாத்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. வயிற்றுப் பிள்ளைமேல் தேரை விழுந்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நம்பாதவர்களுக்கும் தெரியும். கண்ணாத்தாளின் பிறந்த ஊரில் கூடுதலாக ஒரு நம்பிக்கை உண்டு: தேரை விழுந்த மாத்திரத்தில் உள்ளே இருக்கும் பிள்ளை அசைந்து கொடுத்தால் தோஷம் கழிந்துவிட்டது என்று பொருள்.

"புள்ளை அசைஞ்சுதா கண்ணு?"

யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். கண்ணாத்தாள் அவள் வயிற்றில் கையை வைத்தார். ராசாத்தியும் வைத்தாள். கூடம் அடங்கிவிட்டது. குழந்தைகளைக்கூட வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு வயிற்றைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒருத்தி வெல்லத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னாள். கால் மணி நேரம் ஆயிற்று. எதுவும் இல்லை.

"கடைசியா எப்பச் சாமி அசைஞ்சுது?" என்று ராசாத்தி கேட்டாள்.

யுவஸ்ரீயின் கண்ணில் நீர் கொட்டியது. "முந்தாநேத்துல இருந்தே கம்மிதாம்மா. நேத்து ரெண்டு தடவையோ என்னமோ. இன்னிக்கு... இன்னிக்குத் தெரியலம்மா."

"ஏஞ்சாமி சொல்லுல?"

"விருந்து முடியட்டும்னு இருந்தேன். சொன்னா அப்படியே ஆயிருமோன்னு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. இரண்டு முறை அனுபவித்தவள்.

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்க அண்ணி?" என்று ராசாத்தி கேட்டாள்.

"எந்த ஸ்கேன்? நீங்க கூட்டிட்டுப் போயி எடுப்பீங்கன்னுதான நாங்க..."

"நீங்க எடுத்துட்டு அனுப்புவீங்கன்னுதான நாங்க..."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அர்த்தநாரி அதற்குள் வேன் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

பின் இருக்கையில் ராசாத்தியின் மடியில் தலைவைத்து யுவஸ்ரீ படுத்துக்கொண்டாள். கண்ணாத்தாள் முன்னால், அர்த்தநாரிக்கு இடப்பக்கம் ஏறினார். நாமக்கல் சாலையில் வேன் பறந்தது. பாதி வழியில் ஒரு பிரிவு வரும். அங்கே இடப்பக்கம் திரும்பி இரண்டு கிலோமீட்டர் போனால், தேரை தோஷத்துக்கு மந்திரித்துக் கயிறு கட்டும் பூசாரியின் வீடு.

"அண்ணா, பிரிவு வருது, திரும்புங்க. சித்த நிறுத்தி ஒரு கயிறு கட்டிட்டுப் போயரலாம். பத்து நிமிசம்."

அர்த்தநாரி சாலையைப் பார்த்தார்.

"அண்ணா! இடப்பக்கம்! இடப்பக்கமுங்க!"

வேன் பிரிவைத் தாண்டியது. அர்த்தநாரி மெல்லத் திரும்பி, "என்ன சம்பந்தி, ஏசியா? இந்த வண்டியில அது கெடையாதுங்க," என்றார்.

பின்னாலிருந்த ராசாத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு கத்தினால் வலது காதுக்குக் கேட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முப்பது வருடக் குடித்தனத்தில், புருஷனுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்பதுகூடத் தெரியாமலா இருக்கும்?

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த மருத்துவர் இளம்பெண். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மூவரையும் உட்காரச் சொன்னார்.

"நெஞ்சுத்துடிப்பு இருக்கு. மொதல்ல அதைக் கேட்டுக்குங்க. ஆனா பனிக்குடத் தண்ணி ரொம்பக் கம்மி. கொடி வழியாப் போற ரத்தமும் சரியாப் போகலை. குழந்தை வளர வேண்டிய அளவு வளரலை. நுரையீரலுக்காக இன்னிக்கு ஒரு ஊசி, நாளைக்கு ஒரு ஊசி போடுவோம். கூடவே இருந்து பாத்துட்டு, நாளன்னிக்குக் காலையில எடுத்துரலாம். நடுவுல துடிப்பு எறங்குனா உடனே எடுப்போம்."

"பொழைச்சுக்குங்களா?" என்று அர்த்தநாரி கேட்டார். வராந்தாவரை கேட்டது.

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன். அசைவு இல்லேன்னு யாரு கவனிச்சது?"

ராசாத்தி, "ஒரு தேரையாலதானுங்க," என்றாள்.

மருத்துவரின் பேனா நின்றது. கண்ணாத்தாள் முழுக் கதையையும் சொன்னார்; சாக்கில் தொடங்கி, திரும்பாமல் போன பிரிவில் முடித்தார். முடித்துவிட்டு, "அது விழுந்துதானுங்க புள்ளை தேஞ்சு போச்சு," என்றார்.

"பாட்டிம்மா, இந்தக் குழந்தை தேய ஆரம்பிச்சு மூணு வாரமாவது இருக்கும். தேரை இன்னிக்குக் காலையிலதான குதிச்சுது?"

மூன்று வாரம் என்ற சொல்லைக் கேட்டதும் ராசாத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அர்த்தநாரி யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமான வேலை அல்ல. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று யாரும் யோசித்ததில்லை. தேரை ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காட்டில் பாசிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததை அவர்தான் பெயர்த்துக்கொண்டு வந்தார். அது பயந்து குதித்தது. அதற்கு யுவஸ்ரீ யார், வயிறு எது என்று தெரியாது. அங்கிருந்தவர்கள் அமைதியானதுகூடத் தப்பான காரணத்துக்காகத்தான். ஆனால் அந்தப் பிள்ளை சுமக்கப்பட்ட அத்தனை மாதத்தில், அத்தனை பேர் ஒன்றாகப் பேச்சை நிறுத்திவிட்டு அது அசைகிறதா என்று காத்திருந்தது அன்றைக்குத்தான். அவரே ஒரு முறைகூடக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறார்.

தெரிந்து செய்தவருக்குத்தான் நன்றி உரியது என்றால் தேரைக்கு ஒன்றும் உரியதில்லை. அப்படிப் பார்த்தால் மழைக்கும் இல்லை, பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீருக்கும் இல்லை. ஆனாலும் அவர் நெஞ்சில் ஒன்று நிறைந்து நின்றது; அதற்குப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. கடவுளிடம் அனுப்பலாம். மருத்துவரிடம் அனுப்பலாம், அனுப்பவும் செய்தார், மருத்துவர் நிற்க நேரமில்லாமல் கேட்டுக்கொண்டு போனார். அப்புறமும் மிச்சம் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம். மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு வாரம் தாண்டினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். யுவஸ்ரீ பெட்டியைச் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தாள். "மூச்சு உடறா பாரும்மா," என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

மகளுக்குத் துணி எடுத்துவர அர்த்தநாரி எருமப்பட்டி போனபோது தேரை அடுக்களையில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் ஈரத்தில் ஒண்டியிருந்தது. இளைத்திருந்தது. காட்டிலிருந்து வந்ததை அந்தச் சமையலறைக் கரப்பான் வெகுநாள் காப்பாற்றாது என்று தெரிந்தது. அவர் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் துளை போட்டு, பாசியைப் பரப்பி, அதைப் பிடித்து உள்ளே விட்டார். துளை போடுவது கைவந்த தொழில்.

ஏலத்தோட்டத்தில் இன்னொரு கிணறு போட ரிக் மறுநாள் காலை கிளம்புகிறது என்று ஓட்டுநர் குமரகுரு போனில் சொல்லியிருந்தார். "அந்த டப்பாவைக் கொடுத்துடுங்க மாமா, நானே உட்டுட்டு வாரேன்," என்றும் சொன்னார். குமரகுரு அதைத் திண்டுக்கல் தாண்டுவதற்குள் சன்னலுக்கு வெளியே விட்டுவிடுவார் என்பது அர்த்தநாரிக்குத் தெரியும். தானே போய் மறுநாள் பஸ்ஸில் திரும்புவதென்று முடிவு செய்தார்.

டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவரை ராசாத்தி நம்பமாட்டாமல் பார்த்தாள். "ஏனுங்க, பேத்தி பொட்டிக்குள்ள கெடக்கா. நீங்க தேரைக்கு டூர் போறீங்களா?"

"நா இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்? ஆஸ்பத்திரியில சத்தம் போடறேன்னு தெனமும் வையறாங்க."

கண்ணாத்தாள் நிதானமாகச் சொன்னார். "போங்கண்ணா, வேண்டாங்கல. ஆனா புள்ளை நல்லபடியா ஊடு வந்து சேரட்டும். அப்பறமா உடுங்க. காரியம் முடியறதுக்கு முன்ன உடாதீங்க."

அர்த்தநாரி டப்பாவைப் பார்த்தார். "பொழைச்சா உடறேன், இல்லைன்னா உடமாட்டேன்னா அது யாவாரமுங்க சம்பந்தி. அது அன்னிக்கே அதோட வேலையை முடிச்சிருச்சு. இனிப் புள்ளை பாடு."

கண்ணாத்தாள் தூக்குவாளியைத் திறந்து, அவர் வழியில் சாப்பிட நாலு இட்டிலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ரிக் லாரியில் டப்பா அர்த்தநாரியின் மடியிலேயே இருந்தது. கரூர் தாண்டியதும் குமரகுரு ஆரம்பித்தார்.

"இருவத்தெட்டு வருசம் கல்லை ஒடச்சுத் தேடுனீங்களே மாமா, கடைசியில வெத்தலைக்குள்ள இருந்துச்சு பாத்தீங்களா!"

"நா எங்கடா தேடுனேன்?"

"சீட்டுப் பெல்ட்டுப் போடுங்க அதுக்கு. செக்போஸ்ட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

"சம்பந்தக்காரருன்னு சொல்லுவேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

மலையில் மழை விட்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு ஏலச்செடிகளுக்கு நடுவே இறங்கி அந்த ஓடையைத் தேடிப் போனார். பாசியைப் பெயர்த்த மரத்தை அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அடிமரத்தில் இரண்டு முழத்துக்குப் பட்டை அம்மணமாக நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டு நாள் வெற்றிலை வாடாமல் இருக்க அவர் பெயர்த்தது எத்தனை வருட வளர்ச்சியோ. அதற்குள் இந்த ஒன்று மட்டும்தான் இருந்ததா? இதுவரை எத்தனை முறை பெயர்த்திருக்கிறார்? வாடிப்போன பாசியைக் குப்பையில் கொட்டியபோது அதில் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை. ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது என்று கொண்டாட வந்தவருக்கு அந்த நினைப்பு உவப்பாக இல்லை. ஆனாலும் அதை அவர் தள்ளிவிடவில்லை.

டப்பாவை மரத்தோடு சேர்த்துப் பிடித்துத் திறந்தார். தேரை உடனே போகவில்லை. விளிம்பில் உட்கார்ந்து பார்த்தது. பிறகு ஒரு காலை எடுத்து மரத்தில் வைத்தது. விரல் நுனி பட்டையில் பதிந்தது. இன்னொரு கால். வெள்ளைக் கோடு தெரிந்தது, மரப்பட்டை நிறம் தெரிந்தது, அப்புறம் மரம் மட்டும்தான் தெரிந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நன்றி என்ற சொல் அவர் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லி அவர் கேட்டதில்லை. அது மேடையில் கடைசியாகப் பேசுகிறவருக்கான சொல். ஓடையின் இரைச்சலில் யார் கேட்கப்போகிறார்கள் என்றாலும் அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போயிட்டு வாரனுங்க," என்றார்.

சாக்கு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு இறங்கினார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது குழந்தையின் மூக்கிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். தானாக மூச்சு விடுகிறாள் என்றார்கள். எடை மட்டும் ஏறவில்லை. முப்பது கிராம் குறைந்திருந்தது. அடுத்த ஐந்து நாளில் எடை நின்றது, பிறகு இருபது கிராம் ஏறியது. அந்த இருபது கிராமை ராசாத்தி போனில் பதினாலு பேருக்குச் சொன்னாள்.

பத்தாம் நாள் காலை, செவிலி சரிதா வெளியே வந்து, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிவைத்துச் சூடு கொடுக்க ஆள் வேண்டும் என்றார். யுவஸ்ரீக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். ராசாத்தி அவளைவிட்டு நகர முடியாது. ஒடிசாவிலிருந்து ஓடிவந்த தர்ஷனும் அவர் அம்மாவும் மாறிமாறித் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

"அப்புச்சி, உங்களுக்குச் சளி இருக்கா?" என்று சரிதா பிள்ளையின் தாத்தா பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க. ஆனா எனக்குப் புள்ளையைத் தூக்கத் தெரியாதுங்க. இரும்புக் குழாய் தூக்குன கையி."

"கையி வேண்டாம். நெஞ்சுதான் வேணும். குளிச்சுட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்து, சாய்வு நாற்காலியில் சட்டையில்லாமல் சாய்ந்தார். சரிதா குழந்தையை அவர் மார்பின்மேல் குப்புற வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துத் துணியால் கட்டினார். ஒரு கைப்பிடி இருந்தாள். எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சூட்டுக்குள் ஒரு துடிப்பு தெரிந்தது, அவருடையதைவிட இரண்டு மடங்கு வேகம். அவர் அசையவில்லை. கண் மட்டும் நிறைந்து காதோரம் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்.

மூன்று நாள் காலையும் மாலையும் அவர்தான். நான்காம் நாள் தர்ஷனுக்குச் சளி விட்டது. குளித்து, புதுத் துண்டோடு கதவருகே வந்து நின்றார்.

"மாமா, எனக்குச் சரியாயிருச்சுங்க. டாக்டரும் சொல்லிட்டாங்க."

"சந்தோசமுங்க மாப்ள. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சுட்டேனுங்க."

"இன்னொன்னு குடிச்சுட்டு வாங்க."

சரிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு துணியை அவிழ்க்க வந்தார். "அப்புச்சி, போதும். அப்பன்காரரு காத்திருக்கறாரு பாருங்க."

துணி அவிழ்ந்தது. சரிதா குழந்தையைத் தூக்கப் போனவர் நின்றுவிட்டார். கடுகளவு நகங்களோடு ஒரு கை, அர்த்தநாரியின் மார்பில் நரைத்துக் கிடந்த முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மெல்ல விரலைப் பிரிக்கப் பார்த்தார். பிடி இறுகியது. அர்த்தநாரிக்கு வலித்தது, முகம் மலர்ந்தது.

"நா உட்டுட்டேனுங்க மாப்ள," என்றார். "அவதான் உடமாட்டேங்கறா."